மிதிவெடி கிடைக்கும்

தயாபரன் வீட்டில் இரண்டு சம்பளம். மனைவி வதனி நிலத்துக்குள் புதைந்து கிடக்கும் மிதிவெடிகளைத் தோண்டி எடுப்பதற்குச் சம்பளம் வாங்கினாள். அப்படியொரு நிலம் இருப்பதே வெளியாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத் தயாபரன் சம்பளம் வாங்கினான். ஒருத்தி தோண்டுகிறாள், ஒருத்தன் மூடுகிறான், குடும்பம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். தயாபரனும் சேர்ந்து சிரிப்பான். வேறு என்ன செய்வது.

போர் முடிந்து பிள்ளைகள் பிறந்து அந்தப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிற காலம் வந்துவிட்டது. வன்னிக்கு இப்போது மோட்டார் சைக்கிளில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அகலமான சாலை, இரண்டு பக்கமும் வெளி, நடுவில் கடல்நீரேரி. ஓட்டத் தெரிந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும். ஒரேயொரு குறை, போகிற வழியில் போர் தட்டுப்படும். அந்தக் குறையைத் தீர்க்கச் சென்னையில் 'சுகப்பயணம்' என்றொரு நிறுவனம் 'சாந்தி' என்ற ஹெல்மெட்டைக் கண்டுபிடித்தது.

சாந்தியைத் தலையில் மாட்டினால் உலகம் அதன் கண்ணாடி வழியாகத்தான் கண்ணுக்கு வரும், அதன் ஒலிபெருக்கி வழியாகத்தான் காதுக்கு வரும். வருகிற வழியில் கொஞ்சம் சுத்தமாகும். ஷெல் விழுந்து தலை போன பனைகளுக்குச் சாந்தி தலை வைத்தது. கூரை பறந்த வீடுகளுக்குச் சிவப்பு ஓடு வேய்ந்தது. முகாம்களின் முள்வேலி நெடுகக் கடதாசிப் பூ படர விட்டது. காணாமல் போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் குந்தியிருக்கும் தாய்மாரை மட்டும் முழுதாக அழிக்க அதற்கு மனம் வரவில்லை; பஸ்சுக்குக் காத்திருப்பவர்களாகக் காட்டியது. எந்த பஸ்சும் வராததை யாரும் கவனித்ததில்லை.

வழிகாட்டியும் சாந்தியை அணிந்தேயாக வேண்டும் என்பது ஒப்பந்தம். வழிகாட்டி பார்ப்பதும் பயணி பார்ப்பதும் ஒன்றாக இருந்தால்தான் பேச்சில் உளறமாட்டான் என்பது நிறுவனத்தின் எண்ணம். அவர்களின் வழிகாட்டியான தயாபரன் நாடியைச் சற்று மேலே தூக்கி, கண்ணாடியின் அடிவிளிம்புக்கும் மூக்குக்கும் நடுவிலிருந்த இடுக்கால் உண்மையான ரோட்டைப் பார்த்து ஓட்டப் பழகியிருந்தான். இதனால் ஊரில் அவனுக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு.

அன்றைக்கு வந்த குழுவில் நிறுவனத்தின் முதலாளியே இருந்தார். பெயர் ராகவேந்தர். ஐம்பது வயதுக்காரர். சித்திரை வெயிலில் புத்தம் புதுத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விளம்பரப் படத்துக்காக அவர் தலைக்கு மேலே ஒரு ட்ரோன் நாள் முழுக்க ரீங்காரமிட்டுக்கொண்டே வந்தது. பரந்தன் சந்தித் தேநீர்க் கடையில் எல்லோரும் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது, அவர் தன் கண்டுபிடிப்பின் அருமையைத் தயாபரனுக்கு விளக்கினார்.

"போன வருஷம் ஒரு பெங்களூர் டீம் சாந்தி இல்லாம இந்தப் பக்கம் வந்தாங்க. ரெண்டு பேர் பாதியிலயே ஃப்ளைட் பிடிச்சுப் போயிட்டாங்க. தூக்கம் வரலையாம். பைக்ல போறவனுக்குக் கை கால் மட்டும் பத்திரமா இருந்தா போதாது தயா. மனசும் பத்திரமா இருக்கணும்."

"எங்களுக்கும் நித்திரை வாறேல்லைத்தான் சேர்," என்றான் தயாபரன்.

"பாத்தீங்களா, அப்ப லோக்கல்லயே மார்க்கெட் இருக்கு," என்றார் ராகவேந்தர்.

"சில சாமான் மறைக்கக் கூடாததும் இருக்கும்தானே சேர்?"

"வண்டியில மோதற எதையும் சாந்தி மறைக்காது. மாடு மாடாத்தான் தெரியும், லாரி லாரியாத்தான் தெரியும். மனசுல மோதறதை மட்டும்தான் எடுத்துடும். பேச்சும் அப்படித்தான். யாராவது தவறி ஒரு சங்கடமான வார்த்தையை விட்டுட்டா, அதைக் கொஞ்சம் மெருகேத்திக் காதுல போடும். நம்ம பசங்க ஒவ்வொரு வார்த்தையா உக்காந்து யோசிச்சிருக்காங்க. குண்டு, கண்ணிவெடி, பிணம், எல்லாம்."

தயாபரன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர்களுடைய பையன்கள் சென்னையில் உட்கார்ந்து யோசித்த சொற்கள் அவை. கண்ணிவெடி என்று அங்கே சொல்வதை இங்கே ஒரு குழந்தையும் அப்படிச் சொல்லாது; மிதிவெடி என்றுதான் சொல்லும்.

குழுவில் வந்திருந்த தர்சிகா அந்த நேரம் கடைக்குள் போய், "அண்ணா, மிதிவெடி இருக்கோ?" என்று கேட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் விட்டுவிட்டு ஓடிய ஊரை மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பார்க்கத் தனியாக வந்திருந்தாள்.

"முடிஞ்சுது தங்கச்சி. பின்னேரம்தான் இனிப் போடுவம்," என்றார் கடைக்காரர்.

ராகவேந்தருக்குக் காது நீண்டது. "மிதி வெடியா? அப்படின்னா என்னம்மா?"

"ரோல்ஸ் மாதிரி, ஆனா பெரிசு. இறைச்சியும் முட்டையும் உள்ளுக்கு வைச்சுப் பொரிக்கிறது. ஒஸ்லோவில எங்கட அன்ரி ஆக்கள் பிறந்தநாளுக்குச் செய்வினம்."

"ஏன் அந்தப் பேரு?"

அவளுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் தின்னும் மிதிவெடி மட்டும்தான் பேச்சில் வரும். மற்றதைப் பற்றி அப்பாவும் அம்மாவும் வாயே திறந்ததில்லை. இரண்டு பேரும் தயாபரனைப் பார்த்தார்கள்.

இந்தச் சனம் எதன் மேல் கால் வைக்கப் பயந்து பயந்து நடந்ததோ, அதன் பெயரையே ஒரு தின்பண்டத்துக்கு வைத்துப் பொரித்துத் தின்கிறது, பகிடிக்கும் கோபத்துக்கும் நடுவில் எங்கேயோ பிறந்த பெயர் அது என்று தயாபரன் சொல்லியிருக்கலாம். ஹெல்மெட் இல்லாத நேரம். சொன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் விருந்தாளிகளிடம் போரைப் பற்றிப் பேசக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் இருந்தது, முதலாளியோ முன்னால் நிற்கிறார். "கடிச்சா வாய்க்குள்ள வெடிக்கும் சேர், அதுதான்," என்று இளித்தான்.

"அருமை. வழியில எங்கயாவது கிடைச்சா நிறுத்துங்க," என்றார் ராகவேந்தர், நாக்கைச் சப்புக்கொட்டியபடி.

மழைக்கால வெள்ளம் பெரிய பாலம் ஒன்றைக் கொண்டுபோயிருந்ததால் அங்கிருந்து கொஞ்சத் தூரம் வெள்ளாங்கேணி வழியாகச் சுற்றிப் போகவேண்டும். அந்த வெள்ளம் இன்னொரு வேலையும் செய்திருந்தது. மேட்டுக் காட்டில் கிடந்த மிதிவெடிகளை மண்ணோடு அரித்து இழுத்துவந்து, எப்போதோ துப்புரவாக்கிச் சான்றிதழும் கொடுத்த வெள்ளாங்கேணி வயல்களில் போட்டுவிட்டுப் போய்விட்டது. வதனியின் அணியை முந்தாநாள்தான் அங்கே மாற்றியிருந்தார்கள். காலையில் சோறு கட்டும்போது அவள் சொன்னாள். ரோட்டை விட்டு இறங்காவிட்டால் பயமில்லை என்றும் சொன்னாள். சாந்தி எல்லாவற்றையும் மறைத்துவிடும், யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிராது என்று தயாபரனுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளாங்கேணியில் ஒரு மதகு பாதி உடைந்து கிடந்தது. தயாபரன் குழுவை ரோட்டில் நிறுத்திவிட்டு, வண்டிகள் கடக்குமா என்று பார்க்க முழங்கால் தண்ணீரில் இறங்கிக் காலால் தடவித் தடவிப் போனான். விருந்தாளி ஒருவர் சறுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ராகவேந்தரின் மோட்டார் சைக்கிள் நின்றது, ராகவேந்தர் நிற்கவில்லை.

கண்ணாடியில் ஒரு காட்சி தெரிந்தது. வயல் நடுவே அழகான ஓலைக் கொட்டில். வாசலில் பலகை: மிதிவெடி கிடைக்கும். பக்கத்தில் மதிப்பீட்டு நட்சத்திரங்கள் மின்னின. கொட்டிலுக்குள் ஏப்ரன் கட்டிய பெண்கள் அடுப்பருகே குனிந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். ராகவேந்தர் கைகளை வீசிக்கொண்டு பசியோடு அவர்களை நோக்கி நடந்தார்.

தயாபரன் நாடியைத் தூக்கினான். இடுக்கில் மற்றக் காட்சி தெரிந்தது. சிவப்புப் பலகை, அதில் மண்டையோடு, கீழே 'கவனம் மிதிவெடி'. சிவப்புத் தலை வைத்த முளைக்கம்புகள், அவற்றை இணைத்த நாடா. முழங்கால்வரை தொங்கும் கனத்த வெடிகாப்பு ஏப்ரனும் முகமூடியும் போட்ட பெண்கள் மண்ணில் மண்டியிட்டிருந்தார்கள். முளைகளைத் தாண்டி நாடாவையும் தாண்டி ஒரு தோல் ஜாக்கெட் போய்க்கொண்டிருந்தது.

சாந்தியைக் குறை சொல்ல முடியாது. அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அது ஒழுங்காகச் செய்தது. மண்டையோடு மனதைப் புண்படுத்தும், எடுத்துவிட்டது. 'கவனம்' பயமுறுத்தும், எடுத்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரேயொரு சொல். அது தடைசெய்த சொற்களில் இல்லை. உலகத்தில் மிதிவெடியைப் பற்றி எழுதியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தது. ருசியாக இருக்கிறது, சூடாகத் தருகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். மிதித்தவர்கள் யாரும் விமர்சனம் எழுதியிருக்கவில்லை. ஏப்ரன் கட்டிக் குனிந்திருக்கும் பெண்களைக் கண்டதும் அதற்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

குனிந்திருந்தவர்களில் முன்னால் இருந்தவள் வதனி. அவளும் ராகவேந்தரும் ஒரே கோட்டில் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில், அவள் பாதி தோண்டி வெளியே எடுத்திருந்த ஒன்று இருந்தது. அவள் தலையையும் முகமூடியையும் தூக்கி அந்த மனிதனைப் பார்த்து விசிலை வாயில் வைத்து ஊதினாள். தயாபரனின் காதில் குக்கர் விசில் கேட்டது.

"அட, சூடா ரெடியாயிடுச்சு," என்றார் ராகவேந்தர். ஹெல்மெட் ஒலிபெருக்கி வழியாக அவர் குரல் தயாபரனின் காதுக்கு வந்தது.

"சேர், நில்லுங்கோ. அதுக்குள்ள மிதிவெடி இருக்கு."

"பாத்துட்டேன் தயா. உங்களுக்கும் ஒண்ணு சொல்லவா?"

"அது சாப்பாடில்லை சேர். கால் வைச்சா செத்துப் போவியள்."

தயாபரனின் கண்ணாடி மூலையில் எழுத்து ஓடியது. உங்கள் வாக்கியம் மெருகேற்றப்பட்டது: கால் வைத்தால் சொர்க்கம்.

"அவ்வளவு நல்லா இருக்குமா?" ராகவேந்தர் நடையை எட்டிப் போட்டார்.

"கண்ணிவெடி சேர். உங்கட தமிழில கண்ணிவெடி."

உங்கள் வாக்கியம் மெருகேற்றப்பட்டது: கண்மணி சேர். உங்கட தமிழில கண்மணி.

"நீங்களும்தான் தயா, நல்ல மனுஷன்," என்றார் ராகவேந்தர், குரல் தழுதழுக்க.

ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னான். கழற்றினால் காப்புறுதி செல்லாது என்று சாந்தி இரண்டு பேருக்கும் இனிமையாக நினைவூட்டியது. நிற்கச் சொன்னான். அந்தச் சொல் எந்தச் சேதமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் வழிகாட்டி நில் என்றால் நிற்கிற முதலாளி இன்னும் பிறக்கவில்லை. தண்ணீரை உழக்கிக்கொண்டு ஓடிவந்த தயாபரனுக்கு வாயில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. ஆபத்து, சாவு, பயம், வெடி, இரத்தம். உயிரைக் காக்கக்கூடிய எல்லாச் சொல்லையும் மனதைக் காப்பதற்காக எடுத்துவிட்டிருந்தார்கள்.

ரோட்டு விளிம்பில் தர்சிகா நின்றாள். வெக்கை தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். 

"அண்ணா, இது கடையில்லை. நான்தான் அவருக்கு அது நல்ல சாமான் எண்டு சொன்னனான். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"காலை எடுத்து வைச்சியோ தெரியும். அசையாமல் நில்லு," என்றான் தயாபரன்.

தலைக்கு மேலே ட்ரோன் இரைந்தது. அதைப் பார்த்தவுடன்தான் அவனுக்கு வழி தெரிந்தது. குரலை மாற்றினான். தேநீர்க் கடையில் இளித்த அதே குரல்.

"சேர். அப்பிடியே நில்லுங்கோ. அசையாதேங்கோ. வெளிச்சம் உங்கட முகத்தில விழுற விதம், ஐயோ, சொல்லி வேலையில்லை. ட்ரோன் எடுக்குது."

ராகவேந்தர் நின்றார். தூக்கிய வலது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்தார்.

"இப்படியா?"

"அந்தக் காலை முந்தி இருந்த இடத்திலேயே வையுங்கோ. ஆ, அதுதான்."

வதனி மெல்ல எழுந்து நின்றாள். மற்றப் பெண்கள் இருந்த இடத்திலேயே உறைந்திருந்தார்கள். அவள் தயாபரனைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள்: போதும், நிற்கட்டும். பிறகு விரலை நிலத்துக்குக் காட்டிப் பின்பக்கமாக அசைத்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் கையை அவன் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"சேர், இனிப் பின்பக்கமா வாறம். இது ஒரு புது மாதிரி எடுப்பு. முன்னுக்குப் போன காலடி மண்ணில தெரியுதோ? அதிலேயே காலை வைச்சு வைச்சு வரவேணும். ஒண்டு தவறினாலும் படம் பழுதாப் போகும்."

"ரிவர்ஸ் ஷாட்டா? நம்ம டைரக்டருக்கே இது தோணலையே."

"கீழ பாத்து வாங்கோ சேர். கீழ பாக்கேக்க நீங்கள் இன்னும் வடிவு."

அவர் குனிந்து பார்த்து ஒவ்வொரு அடியாக வந்தார். ஒருமுறை தள்ளாடினார். தர்சிகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வதனியின் கை உயர்ந்தது, நின்றது, அசைந்தது. தயாபரன் அவள் கையைப் பார்த்து முகத்துதி பாடினான். வாழ்நாளில் ஒருவனை அவன் அவ்வளவு புகழ்ந்ததில்லை. நெற்றி, தோள், ஜாக்கெட்டின் தையல் என்று புகழ்வதற்கு இடம் தேடித் தேடிப் புகழ்ந்தான். கடைசியில் அவருடைய சப்பாத்துக் கால் தார் ரோட்டில் பட்டபோதுதான் அவன் வாயை மூடினான்.

வதனி துப்புரவாக்கிய ஒற்றையடிப் பாதையால் சுற்றி ரோட்டுக்கு வந்தாள். ராகவேந்தர் இன்னும் ஹெல்மெட்டோடுதான் நின்றார். சமையற்காரி தன்னிடம் வருவதைக் கண்டு மரியாதையாகத் தலையசைத்தார்.

"ரெண்டு மிதிவெடிம்மா. பார்சல் வேண்டாம், இங்கேயே சாப்பிடறோம்."

வதனி புருஷனைப் பார்த்தாள். "என்னவாம்?"

"பசிக்குதாம்," என்றான் தயாபரன்.

 அவள் மண் ஒட்டிய கையால் ராகவேந்தரின் நாடிப் பட்டியைக் கழற்றி, ஹெல்மெட்டை இழுத்தெடுத்து, அவர் தோளைப் பிடித்து வயல் பக்கம் திருப்பிவிட்டாள். அவர் பலகையைப் பார்த்தார். முளைகளைப் பார்த்தார். தன் காலடிகள் நாடாவுக்கு அந்தப் பக்கம் போய், பாதி வெளியே தெரிந்த ஒன்றுக்கு முன்னால் முடிந்திருந்ததைப் பார்த்தார். அப்படியே தாரில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே, "ஏன் தயா நீங்க சொல்லலை?" என்று கேட்டார். 

"சொன்னனான் சேர். மெருகேறிப் போச்சுது."

ராகவேந்தர் நல்ல மனிதர். அதில் சந்தேகமில்லை. அன்று பின்னேரமே வதனியின் காலில் விழப் போனார், அவள் தடுத்துவிட்டாள். இதை இப்படியே விடமாட்டேன், என் கண்ணைத் திறந்துவிட்டீர்கள் என்று கண்ணீரோடு சொல்லிவிட்டு விமானம் ஏறினார். தர்சிகா ஏறவில்லை. ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையில் சாதாரண ஹெல்மெட் ஒன்று வாங்கிக்கொண்டு, பஸ்சுக்குக் காத்திருக்கும் தாய்மார் உண்மையில் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று கேட்கப் போனாள். நிறுவனத்தின் பயணிகளில் அவள் ஒருத்திதான் அப்படிக் கெட்டுப்போனது.

சொன்ன சொல்லை ராகவேந்தர் காப்பாற்றினார். சீக்கிரமே புதிய சாந்தி வந்து இறங்கியது. தொலைபேசியில் அவரே பேசினார்.

"உங்க மனைவிக்காகவே பண்ணினது தயா. அந்தக் குழப்பம் இனி வராது. மிதிவெடின்னா என்னன்னு சாந்திக்கு இப்ப நல்லாத் தெரியும். யாராவது ரோட்டை விட்டு இறங்கினா, முன்னாடி ஒரு குளம் இருக்கற மாதிரி காட்டி நிறுத்திடும். ஒரு பயலும் உள்ளே போக முடியாது. அப்புறம் கைடுங்க சில பேர் கண்ணாடிக்குக் கீழே எட்டிப் பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டோம். அங்கேயும் ரப்பர் வெச்சாச்சு."

தயாபரன் அதை அணிந்துகொண்டு வெள்ளாங்கேணிப் பக்கம் தனியாக ஒரு தடவை ஓடிப் பார்த்தான். ராகவேந்தர் சொன்னது உண்மை. பலகை இல்லை, கொட்டில் இல்லை, அடுப்பு இல்லை. பச்சைத் தண்ணீர் தளும்பும் குளம் ஒன்று இருந்தது. அதில் தாமரை.

அன்று பொழுதுபட வதனி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வாளியால் தண்ணீர் ஊற்றினான்.

"இஞ்சாருங்கோ, புது ஹெல்மெட்டில நான் என்னவாத் தெரியிறன்? முந்திச் சமையற்காரி. இப்ப?"

"தெரியேல்லை."

"என்ன தெரியேல்லை?"

"நீ தெரியேல்லை. குளம் மட்டும்தான் தெரியுது."

அவள் சிரித்தாள். "அப்ப விசில் ஊதினா?"

"நீர்க்காகம் கத்துது."

"வெடிச்சா?"

தயாபரன் வாளியைக் கீழே வைத்தான். அதையும் அவன் நிறுவனத்தில் கேட்டு வைத்திருந்தான். "இடி எண்டு காட்டும். 'மழை வரலாம்' எண்டு கண்ணாடியில எழுதும்."

வதனியின் சிரிப்பு நின்றது. காலில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள். "நான் தோண்டுறது இனி ஒருத்தருக்கும் தெரியாது. நான் போனாலும் நீங்கள் மழை வரும் எண்டுதான் நினைச்சு ஓடிக்கொண்டிருப்பியள்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அது அவனுக்கு அடி விழுந்ததைவிட மோசமாக இருந்தது.

தயாபரன் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. இரண்டாவது மகள் பள்ளிக்கூடம் மாறப் போகிறாள். வெள்ளாங்கேணி துப்புரவானதும் வதனிக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியாது. காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த குழுவைக் கூட்டிக்கொண்டு அவன் பரந்தனில் தேநீர் குடித்தான், கிழக்கே திரும்பினான். ரப்பர் மூக்கை அழுத்தியது. மேலே நீல வானம், இரண்டு பக்கமும் தலை வைத்த பனைகள். சாந்தியில் வானம் எப்போதும் நீலம்தான்.

வெள்ளாங்கேணித் திருப்பத்தில் குளத்தைக் கண்டார்கள். பின்னால் வந்த கோயம்புத்தூர்க்காரர்கள் தாமரையைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோது இடி இடித்தது. ஒரே ஒரு இடி, கிட்டத்தில். கண்ணாடி மூலையில் எழுத்து வந்தது: மழை வரலாம்.

தயாபரன் பிரேக்கை அமுக்கியதில் பின்னால் வந்தவன் அவன்மேல் ஏறப் பார்த்தான். தயாபரன் மோட்டார் சைக்கிளை ரோட்டில் சாய விட்டான். நாடிப் பட்டி கழலவில்லை.  காப்புறுதியைப் பற்றிச் சாந்தி ஏதோ இனிமையாகச் சொல்லத் தொடங்கியது. பட்டியை அறுக்கிற மாதிரி இழுத்து, ஹெல்மெட்டைத் தலையிலிருந்து பிடுங்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் எறிந்தான்.

வானம் கறுத்துக் கிடந்தது. நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு ஒன்று, பிறகு கொட்டியது. மண் வாசம் எழும்பியது. குளம் இல்லை. முளைகள் இருந்தன, பலகை இருந்தது. பெண்கள் கருவிகளை அணைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையால் ஒருவர் பின் ஒருவராகப் படங்குத் துணி கட்டிய கொட்டகைக்குள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே முகமூடி, ஒரே ஏப்ரன். யார் யார் என்று தெரியவில்லை.

கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். அவன் கண்ணாடியில் மழைநீர் வழிந்தது.

"என்ன அண்ணா ஆச்சு?"

"மழை," என்றான் தயாபரன். மூச்சு வாங்கியது. "மழைதான்."

"மழைன்னு ஹெல்மெட்லயே போட்டிருக்கே அண்ணா. அதுக்கு எதுக்கு இறங்கிப் பாக்கறீங்க?"

தயாபரன் கொட்டகைப் பக்கம் திரும்பினான். நனைந்துகொண்டு நின்று, கொட்டகைக்குள் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.